ஓரிசி குடிக்காத சிரட்டை

வதந்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது அது நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது. கந்தாவு தீவில் பிறந்து, ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே வளர்ந்து, வாரக் கப்பலில் தலைநகர் சுவாவுக்கு வந்து, பஸ் நிலையத்தில் அவித்த மரவள்ளி விற்கும் பெண்மணியிடம் இரண்டு நாள் தங்கி, கடைசியில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் உட்கார்ந்துகொண்டது. கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது முடிவெட்டுபவர் சொல்லும் எதையும் நான் மறுப்பதில்லை.

விஷயம் இதுதான். வைலோமா கிராமத்து ஆபொரோசாவின் மகன், அதே ஊர் ஓரிசியின் தோட்டத்திலிருந்து காவாச் செடிகளை, வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் ஆளைக் கிறங்கவைக்கும் செடிகளை, பிடுங்கி விற்றுவிட்டான். அப்பா மன்னிப்புக் கேட்கப் போனார். மன்னிப்புக்கு வெறுங்கையோடு போக முடியுமா, காவா வேர் கொண்டுபோனார். அந்த வேர், ஓரிசியிடம் திருடிய அதே வேர்.

"கோழியத் திருடினவன் அதையே கொழம்பு வெச்சு, கோழிக்காரனக் கூப்ட்டு விருந்து போட்ட மாதிரி" என்றார் கத்தரிக்காரர். "எலும்ப நீயே வெச்சுக்கன்னு வேற சொல்லியிருப்பான்."

அடுத்த வாரத்துக்குள் எனக்கு இன்னும் மூன்று விதமாகக் கேட்கக் கிடைத்தது. ஒன்றில், திருட்டுச் சரக்கு என்பதால் அந்த வேரைப் பாதி விலைக்குப் பேசி வாங்கினாராம். இன்னொன்றில், குடித்தவர்கள் எல்லோருக்கும் வயிற்றுப்போக்காம். மூன்றாவதை ஒரு போதகர் சொன்னார்: மன்னிப்புக் கேட்கும்போது ஆபொரோசா வாய்க்குள் சிரித்தாராம்.

முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாவது உறுத்தியது. ஆபொரோசாவை எனக்குத் தெரியும். என் அம்மாவின் ஊர் வைலோமாவுக்கு அடுத்த குடா. நான் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரைக்காக அந்தப் பக்கத்துத் தலைவர் ஒருவர் என் மாமாக்களோடு பேச்சை நிறுத்தியபோது, எனக்காக வேரைச் சுமந்துகொண்டு போய்த் தாழ்ந்து பேசியவர் அவர்தான். சிரிக்கிற மனிதர்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கும்போது சிரிக்க மாட்டார். அது அவர் தொழில்.

எங்கள் பக்கத்தில் குற்றம் செய்தவன் தன் வாயால் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கதவோரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியது அவன் வேலை. அவனுக்காக இன்னொரு வாய் பேசும். குற்றமே செய்யாத விஷயங்களுக்கும் அந்த வாய் வேண்டும்: விருந்தாளி வந்தால், பெண் கேட்கப் போனால், பிணம் பார்க்கப் போனால், வேரை முன்னால் வைத்து நாலு வார்த்தை. வைலோமாவில் அந்த வாய் ஆபொரோசாவின் குடும்பத்துக்குப் பரம்பரைப் பொறுப்பு. நாற்பது வருஷமாக அவர் வாய்.

வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு சரி. சேப்பங்கிழங்குத் தோட்டம் ஒன்று, கிழிந்த வலை ஒன்று, குட்டி போடும் பன்றி ஒன்று, மெரெசெய்னி என்ற மனைவி, தெவிதா என்ற மகன். ஊருக்குப் பேசுவதற்குச் சம்பளம் கிடையாது. சபையில் தலைவர் முதல் சிரட்டைக் காவா குடித்ததும் இரண்டாவது சிரட்டை அவருக்கு, அவ்வளவுதான். நாற்பது வருஷத்து இரண்டாவது சிரட்டைகள் சேர்ந்து அவர் தோலைச் செதில் செதிலாக உரித்துவிட்டன. முழங்கையைப் பார்த்தால் காயவைத்த மீன் ஞாபகம் வரும்.

அவருடைய பேச்சு நீளமாக இருக்காது. அழவேண்டிய இடம் வந்தால் அழமாட்டார், ஒரு சின்ன இருமல். அந்த இருமலுக்கு மசிந்தவர்கள் பட்டியல் பெரிது. படகு எஞ்சினுக்காக அடித்துக்கொண்ட இரண்டு அண்ணன் தம்பிகள், இருவருக்கும் ஒரே நாளில் மனம் வருந்தி, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் அவரையே கூப்பிட்டார்கள். காலையில் அண்ணனின் வாயாகத் தம்பி வீட்டுக்குப் போனார். மத்தியானம் தம்பியின் வாயாக அண்ணன் வீட்டுக்குப் போனார். இரண்டு இடத்திலும் இருமினார். சாயங்காலம் எஞ்சினைத் தூக்க ஊரில் நிதானமான ஆள் ஒருவரும் இல்லை.

ஒருமுறை ஒரு அரசாங்கப் படகு ஊர் வலைகளை அறுத்துவிட்டது. அதிகாரி நகரத்திலேயே பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். பாதியில் மறந்துபோனது. எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்த ஆபொரோசா, தரையைப் பார்த்தபடியே மிச்ச வரிகளை முணுமுணுத்து எடுத்துக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, அந்தப் பேச்சு மிக அழகாக இருந்ததென்று பாராட்டி மன்னித்தார்.

மெரெசெய்னிக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. "ஊருக்கெல்லாம் மன்னிப்பு வாங்கிக் குடுக்கறவரு" என்பாள், "எங்கிட்ட ஒருவாட்டி கேட்டதில்ல. கேட்டா, வாய் வேணுமாம், கூலிக்கு ஆள் கெடைக்கலையாம்."

அப்படிப்பட்டவர் வீட்டில் விழுந்தது அந்தத் திருட்டு.

ஊரே பக்கத்துக் கிராமத்தில் மூன்று நாள் தேவாலய மாநாட்டில் பாவங்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தபோது, இருபத்தேழு வயது தெவிதா பல்வலி என்று வீட்டில் தங்கினான். பல்வலியோடு மலையேறி, ஓரிசியின் தோட்டத்தில் ஐந்து வருஷம் வளர்ந்த எண்பது செடிகளை வேரோடு பிடுங்கி, மூட்டைகளாகக் கட்டி, வாடகைப் படகில் அனுப்பிவிட்டான். ஒரு மாதம் கழித்து அவன் காலில் வெள்ளை வெளேரென்று புதிய சப்பாத்து. சேற்றிலும் மணலிலும் நடக்கிற ஊரில் வெள்ளைச் சப்பாத்தைவிடப் பெரிய வாக்குமூலம் என்ன வேண்டும். அப்பா முன்னால் உட்கார்ந்து ஒப்புக்கொண்டான். சுவா சந்தையில் மாடியில் கடை வைத்திருக்கும் வசிதியிடம் விற்றதாகச் சொன்னான். பணத்தில் பாதி, பழைய கடன்காரர்களிடம் போய்விட்டது. மிச்சம் காலில் இருந்தது.

எண்பது செடி என்பது ஓரிசிக்கு எண்பது செடி அல்ல, கூரை. கடைசிப் பெரும்புயல் அவர் வீட்டுத் தகரங்களைக் கடலுக்குக் கொண்டுபோனதிலிருந்து, மனைவியோடும் மாமியாரோடும் அவர் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறார். அதே புயலில் சாய்ந்த இளஞ்செடிகளை, கிழிந்துபோன தன் மீன்வலையின் நீலக் கயிற்றால் குச்சிகளோடு கட்டி நிமிர்த்தியவர். இந்த வருஷம் தோண்டி, விற்று, கூரை போடுவதாக இருந்தது.

அவர் கத்தவில்லை. ஆபொரோசாவின் வாசலுக்கு வந்து நின்றார்.

"அண்ணே, சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். திங்கக்கெழமைப் படகுல போலீசுக்குப் போயிருவேன்" என்றார். போய்விட்டார்.

தெவிதாவின் பெயர் அப்போது கடல் கடந்து பழத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் இருந்தது. போலீசில் பெயர் ஏறினால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது; சிறையில் இருக்கும். ஓரிசி மன்னித்தால் மகன் பழத்தோட்டத்துக்கு, மன்னிக்காவிட்டால் சிறைக்கு. நடுவில் ஆறு நாள்.

ஆபொரோசாவுக்கு முதல் சிக்கல், தனக்குப் பேச ஒரு வாய் தேடுவது. ஊரில் பேசத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. ஓரிசியின் எண்பது செடிக்கு முன்னால் நிற்க யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் கிடைத்தவர் மெரெசெய்னியின் தம்பி லெபானி. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். சாவு வீட்டிலும் யாரையாவது சிரிக்கவைத்து வெளியே அனுப்பப்படுகிறவர். மச்சானைக் கேலி செய்வதைத் தவிர வேறு விஷயத்தில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசியறியாதவர்.

இரண்டாவது சிக்கல், வேர். நாலு குச்சியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துத் தீர்க்கிற குற்றமில்லை இது. தண்டின் அடிமூட்டோடு சேர்ந்த முழு வேர் வேண்டும். அவருடைய தோட்டத்தில் அந்த வயதுச் செடி இல்லை. பன்றியைக் குட்டிகளோடு விற்றுவிட்டு, செவ்வாய்க்கிழமைக் கப்பலில் சுவாவுக்குப் போனார். வியாழக்கிழமை திரும்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஓரிசியின் தார்ப்பாய் வீட்டில் நடந்ததைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஓரிசியின் பக்கத்து ஆண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஆபொரோசாவும் தெவிதாவும் கதவோரம், முகம் தரையைப் பார்த்து. தெவிதா அன்று வெறுங்காலோடு வந்திருந்தான். லெபானி நடுவில், முன்னால் பெரிய வேர். லெபானி பேசினார். நடுவில் ஓர் இடத்தில் நின்றார். கதவோரத்திலிருந்து இருமல் கேட்டது. லெபானி சட்டென்று முடித்துவிட்டார். பிறகு ஓரிசியின் அண்ணன் குனிந்து, வேரின்மேல் கை வைத்தார். உள்ளே இருந்தவர்கள் குவித்த கைகளை ஆழ்ந்த ஓசை எழத் தட்டினார்கள். கை வைத்தாயிற்று என்றால் மன்னித்தாயிற்று. மெரெசெய்னி வெளியே நின்றபடி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

வேரை அங்கேயே வெட்டி, இரும்பு உரலில் போட்டு இடித்தார்கள். அந்த உலக்கைச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், மணி அடிப்பது போல. திடீரென்று சத்தம் மந்தமாகி நின்றது. இடித்துக்கொண்டிருந்த ஓரிசியின் மைத்துனர் உரலுக்குள் விரலை விட்டு எதையோ இழுத்தார். மூட்டின் சதைக்குள் புதைந்து, செடியே விழுங்கி வளர்ந்திருந்த ஒரு சாண் நீலக் கயிறு.

அதை ஓரிசியிடம் கொடுத்தார்கள். அவர் விரலில் சுற்றிப் பார்த்தார்.

"இது என் வலை" என்றார்.

ஓரிசியின் அண்ணன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார், வைத்த கையைத் திரும்ப எடுக்கிற வழி ஏதும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர் போல. அப்படி ஒரு வழி கிடையாது. ஆபொரோசாவின் தலை நிமிரவில்லை. நிமிரக் கூடாது.

ஓரிசிதான் பேசினார். "கலக்குங்க. அண்ணன் கை வெச்சது வெச்சதுதான், நான் போலீசுக்குப் போக மாட்டேன். என் சிரட்டை மட்டும் இருக்கட்டும்."

கலக்கினார்கள். மரத்தொட்டியைச் சுற்றி எல்லோருக்கும் போனது. ஓரிசியின் முறை வந்தபோது, குடிக்குமுன் தட்ட வேண்டிய கையை அவர் தட்டவில்லை, சிரட்டையை வாங்கவும் இல்லை. அது அவரைத் தாண்டிப் போனது. இடித்த மாவில் அவருடைய பங்கு, ஒரு கைப்பிடி, துணியில் முடிந்து ஆபொரோசாவிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது.

ஆக, வதந்தியின் முக்கால் பங்கு உண்மை. மிச்சக் கால் பங்கைத்தான் நான் தேடிப் போனேன். அது அவருக்குத் தெரிந்து நடந்ததா? அவ்வளவு வேர்களைக் கையால் தடவிய மனிதருக்கு ஒரு நீலக் கயிறு தெரியாமல் போகுமா? தெரிந்திருந்தால், அது கேலியா?

சந்தை மாடியில் வசிதியைப் பார்த்தேன். இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் மூன்றாவது மூட்டை போல உட்கார்ந்திருந்தாள். திருட்டுச் சரக்கு என்று நான் ஆரம்பித்ததுமே எழுந்து தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். வாங்கும்போது வேருக்கு யாராவது பிறப்புச் சான்றிதழ் கேட்பார்களா என்று என்னைக் கேட்டாள். நான் ஒரு பொட்டலம் வாங்கியதும் கொஞ்சம் இளகினாள். அந்தப் பெரியவரை நினைவிருக்கிறதாம். பாதி விலைப் பேச்செல்லாம் பொய். பேரமே பேசவில்லை.

"மூணு மணி நேரம் என் மூட்டையெல்லாம் கொட்டிக் கெளறினாரு. நல்ல வேரா ரெண்டு எடுத்து நானே குடுத்தேன். வேணாம்னுட்டாரு. கடைசில ஒண்ணு எடுத்தாரு பாருங்க, கோணலா, முடிச்சு முடிச்சா. கடையிலயே அசிங்கமானது அதுதான். எனக்கு அத வித்ததுல சந்தோஷம்."

நீலக் கயிறு இருந்ததா? அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் விற்றிருப்பாளாம், அவள் கடைக்கு ஒரு பெயர் இருக்கிறதாம்.

அடுத்த கப்பலில் கந்தாவுக்குப் போனேன். லெபானி கடற்கரையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, எந்தத் திருகு எதனுடையது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் அவருடைய வழக்கமான சிரிப்பு வரவில்லை. அதுவே எனக்குப் புதிது.

கப்பலிலிருந்து இறங்கிய வியாழக்கிழமையே மச்சான் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வேரைக் காட்டி, கயிற்றின் நுனியையும் காட்டினாராம். வாங்கும்போதே தெரியுமாம். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனாராம். நாலே நாலு வரி சொல்லிக் கொடுத்தாராம்.

"மச்சான், நாலு வரிதான், தடுமாறாமச் சொல்லுன்னாரு" என்றார் லெபானி. "நாப்பது வருஷமா எங்கக்கா உன்னோட குடும்பம் நடத்தறா, அவகிட்ட எத்தன வரி சொல்லியிருக்கன்னு கேட்டேன். அதுக்கே எனக்கு நேரம் போச்சு. வெளையாடிக்கிட்டே இருந்துட்டேன்."

அந்த நாலு வரியை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாராம். முதல் வரி, நாங்கள் தாழ்ந்து வந்திருக்கிறோம். இரண்டாவது, எங்கள் பிள்ளை உங்கள் ஐந்து வருஷத்தைப் பிடுங்கிவிட்டான். நான்காவது, எங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

"மூணாவது?"

லெபானி ஒரு திருகை எடுத்துச் சட்டையில் துடைத்தார். பிறகு, பேச்சு மொழியில் இல்லாமல், சபையில் பேசுகிற குரலில் சொன்னார்: "இது உங்கள் வேர். எண்பதில் எங்கள் கைக்கு எட்டியது இந்த ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்."

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

"நிமிந்து பாத்தேன். அதான் தப்பு. தார்ப்பாய்ல ஒரு ஓட்டை, அதுலேந்து வெயில் நேரா ஓரிசி தலைல விழுது. கூர இல்லியேன்னு நெனச்சேன். அவ்ளோதான், மூணாவது வரி ஓடிப்போச்சு. அவரு இருமினாரு. அழறாருன்னு நெனச்சுட்டேன். பயந்துபோயி நாலாவதச் சொல்லிட்டேன்."

நாற்பது வருஷம் ஊரை ஏமாற்றிய இருமல். அன்று ஒரே ஒரு தடவை அது உண்மையான வேலை செய்ய வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. அரசாங்க அதிகாரிக்கு வரி எடுத்துக் கொடுத்தவர், தன் மகனுக்காகப் பேசிய மச்சானுக்கு எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அன்று அவர் குற்றவாளி, கதவோரம்.

இங்கே நான் என் தொழிலுக்கு நியாயம் செய்ய வேண்டும். லெபானி அவருடைய மச்சான். மச்சானுக்காகப் பொய் சொல்லாதவன் என்ன மச்சான்? கயிறு வெளியே வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து மூன்றாவது வரியைத் தயாரித்திருக்கலாம். அது அவ்வளவு அழகாக இருப்பதே எனக்குச் சந்தேகம் தந்தது. ஆனால் வசிதி மச்சான் அல்ல. அவள் கடையிலேயே அசிங்கமான வேர் என்றாள். நல்ல வேரைக் கொடுத்தும் வேண்டாம் என்றாராம்; அந்த ஒன்றைத்தான் தேடியிருக்கிறார்.

அதைத் தூக்கிக்கொண்டு ஓரிசியிடம் போனேன், பெரிய கண்டுபிடிப்பாளன் மாதிரி. அவர் தார்ப்பாயின் ஓட்டைக்கு இன்னொரு தார்ப்பாய்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். லெபானியும் ஏற்கெனவே வந்து சொல்லி அழுதிருக்கிறாராம்.

"நான் நம்பலன்னு சொல்லல" என்றார். "ஆனா அன்னிக்கு என் வீட்டுல சொன்னது மூணு வரி. அந்த மூணுக்குத்தான் எங்கண்ணன் கை வெச்சாரு. சொல்லாத வரிக்கு நான் எப்பிடிக் குடிக்கறது?"

அப்படியானால் இன்னொரு தடவை வேர் கொண்டுவந்து, நாலு வரியையும் சரியாகச் சொல்லட்டுமே என்றேன். அவர் என்னை நகரத்துப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஏற்றுக்கொண்ட மன்னிப்புக்கு மறுபடி வேர் வைத்தால், முதலில் ஏற்றுக்கொண்ட அண்ணனின் கைக்கு என்ன மரியாதை? அவருக்கும் தெரியும், ஆபொரோசாவுக்கும் தெரியும். வழி எல்லாப் பக்கமும் அடைத்திருந்தது, ஒரு பக்கம் கூட யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல.

பிறகு அவராகவே சொன்னார். ஆபொரோசா வாரம் இரண்டு நாள் மலைத் தோட்டத்துக்குப் போகிறாராம். பிடுங்கிய குழிகளில் காவாத் தண்டுகளை வெட்டி நட்டுக்கொண்டு வருகிறாராம். அறுபது வரை ஆகிவிட்டதாம். இவர் நடச் சொல்லவில்லை.

"என்னக் கேக்காமப் புடுங்கினான் மகன். என்னக் கேக்காம நடறாரு அப்பா. ரெண்டு பேருக்கும் கேக்கற பழக்கமே இல்ல" என்றார். சிரிப்பு வந்ததா என்று பார்த்தேன். தார்ப்பாய்க்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

தெவிதா போய்விட்டான். அங்கே ஆப்பிள் பறிக்கிறான். அடுத்தவர் மரத்திலிருந்து பறிப்பதற்கு அங்கே சம்பளம் தருகிறார்கள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் ஆச்சரியப்பட்டானாம். ஓரிசியின் கூரைக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சொல்லியிருக்கிறான்.

வைலோமாவுக்கு இப்போது வாய் இல்லை. ஆபொரோசா பேச மறுத்துவிட்டார். ஒரு மாடு அடுத்தவர் சேப்பங்கிழங்கை மேய்ந்த வழக்கு நிற்கிறது. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடிக்குக் குழந்தையே பிறந்துவிட்டது, பெண் வீட்டில் இன்னும் மன்னிப்புக் கேட்கப்படவில்லை. அந்தத் தாத்தா பேரனைத் தேவாலயத்தில் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். ஊர்ப் பெரியவர்கள் திரண்டு போய்க் கெஞ்சினார்கள். அவர்களுக்கு ஆபொரோசா சொன்னது ஒரே வாக்கியம்: "என் பேச்சுல ஒரு சிரட்டை நிக்குது, அது உள்ள போகாம அடுத்த பேச்சு வெளிய வராது."

கப்பலுக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். மெரெசெய்னி கிழங்கு அவித்து வைத்தாள். பன்றி இல்லாத பட்டியில் துணி காய்ந்தது. நான் கேட்க வந்ததை எப்படிக் கேட்டாலும் அவர் வேறு ஏதாவது பேசினார், கடல் எப்படி இருந்தது, அம்மாவுக்குக் கால் எப்படி. கடைசியில் நேராகவே கேட்டேன், அந்தக் கயிறு தெரிந்துதான் வாங்கினாரா என்று.

"தம்பி, என் விஷயத்துக்கு நானே பேசக் கூடாது" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். உள்ளே துணிமுடிச்சு. அவிழ்த்து, மாவை வாழையிலைமேல் பரப்பி, முற்றத்தில் வெயிலில் வைத்தார். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் வைத்திருப்பது கஷ்டமாம். வெயில் வரும்போதெல்லாம் இப்படிப் பரப்புகிறாராம். ஒன்றரை வருஷத்தில் காற்றில் பறந்ததும் இலையில் ஒட்டியதும் போக, ஒரு சிரட்டைக்கு இன்னும் காணும் என்று விரலால் ஒதுக்கிக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து மேகம் இறங்கியது. அப்போது ஓரிசி தோளில் மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தார். ஆபொரோசா உடனே தலையைக் குனிந்துகொண்டார். ஓரிசி நிற்கவில்லை. இலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"மழ வருது. உள்ள எடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

ஆபொரோசா இலையை மடித்து, ஒரு துளியும் சிந்தாமல் டின்னுக்குள் தட்டி, மூடியை அழுத்தினார்.